பால்காரர் கூப்பிட்டால் போகிறான், நான் கூப்பிட்டால் வரமாட்டேன் என்கிறான்!

நாலுகால் பிள்ளைகள்: வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர் அக்காவின் பதில்கள்

கன்னிப்பூ (முதல் போக நெல்) அறுத்து முடித்த வயல்களில் தாரா இறங்கியாயிற்று. வாத்தைத்தான் எங்கள் பக்கம் தாரா என்போம், வெளி மாவட்டத்து வாசகர்கள் பொறுத்துக்கொள்ளவும். தாரா இறங்கினால் எனக்குத் தபாலும் இறங்கும். மாசியில் ஆசை ஆசையாய் வாங்கின நாய்க்குட்டி இப்போது எட்டு ஒன்பது மாதத்துக் காளையாகி, வரப்பில் நின்றுகொண்டு சொந்தக்காரரையே யாரோபோலப் பார்க்கும். வருஷா வருஷம் இதே கதைதான். இந்த மாதம் வந்த பதினாறு கடிதங்களில் பதினொன்று இதைப் பற்றியே. அதனால் உண்ணி, சொறி கேட்டவர்கள் அடுத்த மாதம் வரை பொறுங்கள்.

அக்கா, எங்கள் ஜாக்கிக்கு ஒன்பது மாதம். லேப்ரடாரும் நாட்டு நாயும் கலந்தவன். தினமும் காலையில் கால்வாய்க்கரையில் அவிழ்த்துவிட்டு நடப்போம். ஆறு மாதம் வரை ஒரு குரல் கொடுத்தால் காது பறக்க ஓடி வருவான். இப்போது திரும்பி ஒரு பார்வை பார்த்துவிட்டு அவன் வேலையைப் பார்க்கிறான். பால்காரர் கூப்பிட்டால் மட்டும் வாலாட்டிக்கொண்டு போகிறான். போன வாரம் தாராக் கூட்டத்துக்குள் புகுந்து இரண்டைக் கடித்துவிட்டான். ஆயிரம் ரூபாய் கொடுத்துச் சமாதானம் பண்ணினேன். அப்புறம் அவனாகவே என்னிடம் வந்தான், ஆத்திரத்தில் குச்சியால் நாலு போட்டேன். அன்றிலிருந்து பத்தடி தள்ளியே நிற்கிறான், பிடிக்கப் போனால் ஓடுகிறான். இனி கட்டிப்போட்டே வளர்க்க வேண்டியதுதானா?
– வாசகர், தேரூர்

கட்டிப்போட வேண்டாம் தம்பி. மூன்று மாதத்துக்கு அவிழ்த்துவிடவும் வேண்டாம். இரண்டுக்கும் நடுவில் ஒரு கயிறு இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் பால்காரர் விஷயம். 2020-ல் இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்துக்காரர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பார்வையற்றவர்களுக்கு வழிகாட்டுவதற்கென்று வளர்க்கப்பட்ட குட்டிகளை ஐந்து மாதத்தில் ஒருமுறை, எட்டு மாதத்தில் ஒருமுறை ‘உட்கார்’ என்று சொல்லிப் பார்த்தார்கள். வளர்த்தவர் சொன்னபோது எட்டாம் மாதத்தில் முரண்டு கூடியிருந்தது. முன்பின் தெரியாதவர் சொன்னபோது அதே குட்டிகள் ஒழுங்காக உட்கார்ந்தன. ஆக, உங்கள் பால்காரரிடம் மந்திரம் ஒன்றுமில்லை, பொறாமைப்படாதீர்கள். ஒன்பதாம் வகுப்புப் பையன் அம்மாவிடம் எரிந்து விழுந்துவிட்டுப் பக்கத்து வீட்டு அத்தைக்குக் கடைக்குப் போய் வருவான் அல்லவா, அந்த வயது இது. ஆறாம் மாதத்தில் தொடங்கி ஒன்றரை வயது வரை இழுக்கும், பெரிய ஜாதிகளில் இரண்டு வயதுகூட ஆகும். மூக்குக்குப் புதுசு புதுசாகச் சேதி வருகிற காலம். எந்தத் தெருவில் எந்தப் பெட்டை பருவத்துக்கு வந்திருக்கிறாள் என்று அவனுக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. அந்த நேரத்தில் ‘ஜாக்கி, ஜாக்கி’ என்பது டீக்கடை ரேடியோ மாதிரி. பாடும், யாரும் கேட்பதில்லை.

ஆனால் வயதின்மேல் மட்டும் பழியைப் போட நான் விடமாட்டேன். ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து, ஒரே ஒரு நாள், அவனை எத்தனை முறை கூப்பிட்டீர்கள், வந்தபின் என்ன நடந்தது என்று எழுதிப் பாருங்கள். வேலையில் இருந்தபோது ஊருக்கெல்லாம் புத்தி சொல்லிக்கொண்டு திரிந்த நான், என் நாய் பாண்டி விஷயத்தில் முட்டுச் சந்தில் மாட்டிய பிறகுதான் இதைச் செய்தேன். காலையிலிருந்து ராத்திரி வரை இருபத்து மூன்று தடவை கூப்பிட்டிருந்தேன். அதில் பதினான்கு தடவை அவன் வரவில்லை, நானும் விட்டுவிட்டேன். வந்த ஒன்பதில், சங்கிலி மாட்டியது நான்கு. உண்ணி பிடுங்கியது இரண்டு. குளிப்பாட்ட இழுத்தது ஒன்று. செருப்பைக் கடித்ததற்கு வசவு ஒன்று. பாக்கி ஒன்றில் மட்டும் கொஞ்சம் சோறு. சம்பளம் தராத முதலாளியிடம் எவன் வேலைக்கு வருவான்?

உங்கள் குச்சி விஷயமும் இதில்தான் வருகிறது. தாராவைக் கடித்ததற்கு அடித்ததாக நீங்கள் நினைக்கிறீர்கள். தாராவை விட்டு உங்களிடம் வந்து நின்ற நேரத்தில் அடி விழுந்தது, அவன் கணக்கில் அது வந்ததற்கான கூலி. நாய்க்குப் பத்து நிமிஷத்துக்கு முந்தின பாவத்தையும் இப்போது விழும் அடியையும் முடிச்சுப் போடத் தெரியாது. பத்தடி தள்ளி நிற்கிறான் என்றால், சொல்லிக்கொடுத்ததை நன்றாகவே படித்திருக்கிறான் என்று அர்த்தம். இனி அரை மணி நேரம் கழித்து வந்தாலும், வாயில் செத்த பெருச்சாளியோடு வந்தாலும், சிரித்த முகத்தோடு நில்லுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டாவது.

அந்தப் பத்தடியை உடைக்க: அவனைப் பார்த்து நடக்காதீர்கள். முற்றத்தில் பக்கவாட்டில் திரும்பித் தரையில் உட்காருங்கள். வேகவைத்த கோழி ஈரலில் ஒரு துண்டை அவன் பின்னால் விழும்படி எறியுங்கள். போய்த் தின்றுவிட்டுத் திரும்புவான். அடுத்தது கொஞ்சம் பக்கத்தில், மறுபடி தூரத்தில். கையை நீட்டிப் பிடிக்க வேண்டாம். நாலைந்து நாளில் முழங்காலில் வந்து முகர்வான். அப்போதும் பிடிக்காதீர்கள்.

இப்போது புதுச் சொல். ‘ஜாக்கி’யும் ‘வா’வும் உங்கள் வீட்டில் செல்லாக்காசாகிவிட்டன. பேரனையும் ‘வா மக்கா’ என்றுதான் கூப்பிடுகிறோம், மாமனாரையும் ‘வாங்க’ என்கிறோம், பஸ்ஸுக்கும் ‘வருது வருது’ என்கிறோம். யாருமே வீட்டில் சொல்லாத சொல் வேண்டும். நான் புத்திசாலித்தனமாக ‘சாயா’ என்று வைத்தேன். நம் மாவட்டத்தில் ஒரு வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை சாயா! விருந்தாளி வரும்போதெல்லாம் பாண்டி அடுப்படிக்குப் பாய்ந்து வந்து நின்றான். ஒரு வாரத்தில் அந்தச் சொல்லையும் பாழாக்கி, ‘பம்பரம்’ என்று மாற்றினேன். நீங்கள் எது வேண்டுமானாலும் வையுங்கள், சத்தமாகச் சொல்ல வெட்கப்படாத சொல்லாக இருக்கட்டும்.

முதல் வாரம் அந்தச் சொல்லை வைத்து அவனிடம் எதையும் கேட்காதீர்கள். வீட்டுக்குள், அவன் பக்கத்தில் நிற்கும்போதே சொல்லுங்கள், உடனே வாயில் ஈரல். ஒரு நாளைக்குப் பத்து முறை. சொல் முன்னால், கை பின்னால். கையை முதலில் பைக்குள் விட்டுவிட்டுச் சொன்னால் அவன் பையைத்தான் படிப்பான், சொல்லைப் படிக்கமாட்டான். பை இல்லாத அன்றைக்கு நீங்கள் யாரோ, அவன் யாரோ. நான் ஈரலை டப்பாவில் போட்டு ஜன்னல் கட்டையில் வைத்திருப்பேன். சொன்ன பிறகுதான் அங்கே போவேன், அவனும் கூடவே ஓடி வருவான்.

தீனியைப் பற்றிக் கஞ்சத்தனம் வேண்டாம். அவன் கிண்ணத்தில் தினமும் விழுகிற சோறும் மீன் குழம்பு வண்டலும் கூலியாகாது. உப்பில்லாமல் வேகவைத்த கோழி ஈரல், முள் எடுத்த சாளை, கொண்டைக்கடலை அளவுக்குக் கிள்ளி வையுங்கள். கருவாட்டுக்கு உயிரையே விடுவான், ஆனால் உப்பு அதிகம், வேண்டாம். ஈரலும் தினமும் கிலோக் கணக்கில் அல்ல, ஒரு கோழியின் ஈரல் ஒரு நாளைக்கு நிறையவே போதும். அந்த அளவுக்கு ராத்திரிச் சோற்றைக் குறையுங்கள், லேப்ரடார் ரத்தம், உடம்பு பெருக்கப் பார்க்கும்.

இனி கயிறு. மீன்வலைச் சாமான் விற்கும் கடையில் எட்டு மில்லிமீட்டர் நைலான் கயிறு பத்து மீட்டர் வாங்குங்கள். தென்னைநார்க் கயிறு வேண்டாம், நனைந்தால் கனக்கும், நெருஞ்சியைப் பொறுக்கிக்கொண்டு வரும். கழுத்துப் பெல்ட்டில் மாட்டாதீர்கள். பத்து மீட்டர் ஓடிச் சுண்டினால் கழுத்து என்ன ஆகும்? மார்பைச் சுற்றிக் கட்டும் பட்டையின் முதுகு வளையத்தில் மாட்டுங்கள். கயிறு தரையில் இழுபட்டு வரட்டும், நுனியில் ஒரு முடிச்சுப் போட்டு, தேவைப்பட்டால் மிதியுங்கள். கையில் மட்டும் சுற்றாதீர்கள். என் வலது கை மோதிர விரலில் ஒரு வெள்ளைத் தழும்பு இருக்கிறது. சுசீந்திரம் போகும் வழியில் ஒரு கொக்கு எழும்பியது, பாண்டி எழும்பினான், கூடவே என் விரல் தோலும் போயிற்று. அன்று நான் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தேன், சாயா குடிக்க ஒரு கை வேண்டுமே என்று.

இந்தக் கயிறு இழுப்பதற்கு அல்ல. நீங்கள் கூப்பிட்டு அவன் வராமல் போகிற வாய்ப்பையே அடைப்பதற்கு. ஒவ்வொரு முறை வராமல் ஓடிப்போய் தாராவைத் துரத்தும்போதும் அவனுக்கு ஈரலைவிடப் பெரிய பரிசு கிடைக்கிறது, அந்தக் கடையை மூட வேண்டும். சொல்லை ஒரே ஒரு தரம் சொல்லுங்கள். வரவில்லையா, மறுபடி சொல்லாதீர்கள். உதட்டைக் குவித்து முத்தச் சத்தம் போடுங்கள், அல்லது அவனுக்கு முதுகைக் காட்டி எதிர்ப்பக்கம் ஓடுங்கள். ஓடுகிறவர் பின்னால் போகாத நாய் குறைவு. நாம் செய்வது நேர்மாறு: அவனைப் பிடிக்க நாம் ஓடுகிறோம், அவன் நம்மோடு ஓடிப்பிடித்து விளையாடுகிறான், ஊர் சிரிக்கிறது. அதுவும் பலிக்கவில்லையென்றால் கயிற்றைக் கைமாற்றிக் கைமாற்றி அவனிடம் போய்ச் சேருங்கள், திட்டாமல் கொஞ்ச தூரம் வேறு பக்கம் கூட்டிப் போங்கள். ஒரே காலையில் இரண்டு தடவை இப்படி ஆனால் இடம் அவனுக்குக் கடினம். நாளைக்கு ஒரு படி இறங்குங்கள்.

வந்துவிட்டான். இங்கேதான் எல்லோரும் கோட்டை விடுகிறோம். முதலில் கழுத்துப் பெல்ட்டை இரண்டு விரலால் தொடுங்கள், தொட்டபடியே ஈரல். தொடாமல் கொடுத்தால் நீட்டிய கையிலிருந்து தட்டிப் பறித்துக்கொண்டு நழுவக் கற்றுக்கொள்வான். பெரிய காரியம் செய்துவிட்டு வந்தால், அதாவது வேறு நாயை விட்டு வந்தால், மொத்தமாய் ஒரு பிடி அள்ளி வைக்காமல் ஒவ்வொன்றாக ஏழெட்டுத் துண்டு, நடுநடுவே கொஞ்சல். பிறகு ‘போ’ என்று திரும்ப அனுப்புங்கள். பத்து முறை கூப்பிட்டால் ஒன்பது முறை மறுபடி விளையாடப் போக வேண்டும். கூப்பிட்டால் நடை முடிந்தது, சங்கிலி வந்தது என்ற எண்ணம் அவனுக்கு வரவே கூடாது. வீட்டுக்குத் திரும்பும் நேரத்தில் கூப்பிடாமல் நீங்களே அவனிடம் நடந்து போய் மாட்டுங்கள்.

இடத்தைப் படிப்படியாகக் கூட்டுங்கள். அடுப்படி, முற்றம், ஆளில்லாத தோப்பு, காலை ஆறு மணிக் கால்வாய்க்கரை, அப்புறம் ஆடு மேய்கிற இடம். தாரா கடைசி. அதுவும் முதலில் நூறு அடிக்கு அப்பால், அவன் பார்த்துவிட்டு இன்னும் உங்களுக்குக் காது கொடுக்கிற தூரத்தில். அவன் உடம்பு விறைத்து, வால் அசையாமல் நின்று, வாய் மூடிக்கொண்டால் தூரம் போதவில்லை. அந்த நொடியில் சொல்லை வீணாக்காதீர்கள், கயிற்றைப் பிடித்துப் பின்வாங்குங்கள்.

இன்னொன்று. தேரூர், சுசீந்திரம் குளங்கள் 2022-ல் ராம்சார் பட்டியலில் (உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் பட்டியல்) ஏறியவை, வேம்பனூரும்தான். ஐப்பசிக்கு மேல் வெளிநாட்டுப் பறவைகள் வந்து இறங்கும். அந்தக் கரையில் ஜாக்கி எவ்வளவு நல்ல பிள்ளையாக ஆனாலும் கயிறு கையில்தான் இருக்க வேண்டும். ஆயிரக்கணக்கான மைல் பறந்து வந்து களைத்து உட்கார்ந்ததை எழுப்பித் துரத்துவது நமக்கு விளையாட்டு, அதற்கு அல்ல.

எப்போது சரியாகும் என்று கேட்பீர்கள். கும்பப்பூ (அடுத்த போகம்) அறுத்து மாசி, பங்குனியில் மறுபடி தாரா இறங்கும். அதற்குள் கூப்பிட்டதும் தலையைத் திருப்பி நாலு எட்டாவது உங்கள் பக்கம் வைத்தானென்றால் எனக்கு ஒரு கார்டு போடுங்கள்.

எங்கள் சிப்பிப்பாறை நாய்க்குப் பதினொரு மாதம். மயிலைப் பார்த்தால் போதும், அம்பு மாதிரி போய்விடுகிறது. தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்பதில்லை.
– வாசகர், ஆரல்வாய்மொழி

உங்கள் ஊரில் காற்றாலை சுற்றுகிற காற்றில் என் குரல் என் காதுக்கே கேட்காது! காற்று அவன் பக்கமிருந்து உங்களை நோக்கி வீசினால் கத்துவது வீண். விசில் வாங்குங்கள். சொல்லுக்குச் சொன்ன அதே முறைதான்: இரண்டு குட்டை ஊதல், உடனே ஈரல், ஒரு வாரம் வீட்டுக்குள். விசிலுக்கு இன்னொரு நன்மை உண்டு, அதற்குக் கோபம் தெரியாது. ஆறு மணிக்கு ஊதினாலும் ஆத்திரத்தில் ஊதினாலும் ஒரே சத்தம்.

ஆனால் உங்களுக்கு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் வேட்டை பார்க்கிற ஜாதி. முயல் அசைவதைப் பார்த்து ஓடுவதற்கென்றே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்தவை. ஓட ஆரம்பித்த பிறகு காது அடைத்துக்கொள்ளும். அதைத் திமிர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நன்றாகப் பழக்கினால் ஓடத் தொடங்குமுன் திருப்பலாம், ஓடியபின் திருப்பலாம் என்று நான் வாக்குத் தரமாட்டேன். ஒரு பக்கம் நெடுஞ்சாலை, மறுபக்கம் ரயில் பாதை உள்ள ஊரில் திறந்த வெளியில் அவிழ்க்கவே வேண்டாம். தெரிந்தவர் யாரிடமாவது சுற்றுச்சுவர் உள்ள தோப்பு இருந்தால் வாரம் இரண்டு நாள் கேட்டு வாங்கி ஓடவிடுங்கள். மயில் விஷயம் தனி. 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிற பறவை அது. கடித்துவிட்டால் தாராக்காரரிடம் பேசுவதுபோல் ஆயிரம் ரூபாயில் பேசி முடிக்க முடியாது.

ஆன்லைனில் கரண்ட் அடிக்கும் பெல்ட் விற்கிறார்கள். ரிமோட்டை அமுக்கினால் நாய் வந்துவிடுமாம். வாங்கலாமா?
– வாசகர், மார்த்தாண்டம்

வாங்காதீர்கள். நீங்கள் அமுக்குகிற நேரத்தில் அவன் எதைப் பார்க்கிறானோ அதுதான் கடித்தது என்று நினைப்பான். ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தால்? அப்புறம் சீருடையைக் கண்டாலே உறுமுகிற நாயை வைத்துக்கொண்டு என்னிடம் இன்னொரு கடிதம் எழுதுவீர்கள். அந்தப் பணத்துக்கு ஆறு மாதத்துக்கு ஈரல் வாங்கலாம்.

என் நாய்க்கு ஆண்மை நீக்க அறுவை செய்தால் ஊர் சுற்றுவது நின்று, கூப்பிட்டால் வருவானா?
– வாசகி, தக்கலை

பெட்டையைத் தேடி அலைவது குறையலாம். கூப்பிட்டால் வருவது அறுவையில் வராது, அது பழக்கத்தில்தான் வரும். எந்த வயதில் செய்வது என்பது ஜாதிக்கு ஜாதி மாறும், உங்கள் டாக்டரிடம் நாயைக் காட்டிக் கேளுங்கள். கேட்கப் போகும்போது வெறிநாய்க்கடித் தடுப்பூசி அட்டையையும் எடுத்துப் போங்கள். மூன்று மாதத்தில் போட்டதோடு மறந்துபோனவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவிழ்த்துவிடுகிற நாய்க்கு வருஷா வருஷம் போட்டே ஆக வேண்டும்.

கடற்கரையில் விட்டால் கூப்பிடக் கூப்பிடக் கரமடி (கரைவலை) இழுக்கிற இடத்துக்கே ஓடுகிறான். வலையில் கழித்துப்போட்ட மீனை விழுங்கிவிட்டுத்தான் வருகிறான்.
– வாசகர், குளச்சல் பக்கம்

அதில் பேத்தை மீன் கிடக்குமே மக்கா! பலூன்போல ஊதிக்கொள்ளுமே, அதுதான். மீன்பிடிக்கிறவர்கள் அதை விலை இல்லாத சவம் என்று கரையில் எறிந்துவிட்டுப் போவார்கள். காய்ந்த பிறகும் அதன் விஷம் போகாது. தின்ற நாய்க்கு எச்சில் வடியும், பின்னங்கால் தள்ளாடும், அப்புறம் மூச்சு வாங்கும். அதற்கு மாற்று மருந்து கிடையாது. மூச்சு நிற்காமல் காப்பாற்றிக்கொண்டு விஷம் இறங்கும் வரை காத்திருப்பதுதான் வைத்தியம். அதனால் மோர், உப்புத் தண்ணீர் என்று வீட்டில் நேரம் கடத்தாமல் ஆட்டோ பிடித்து டாக்டரிடம் ஓடுங்கள்.

எனவே உங்கள் விஷயத்தில் பழக்கம் பின்னால், பாதுகாப்பு முன்னால். கரமடி இழுக்கிற நேரத்தில் அந்தப் பக்கமே போகாதீர்கள். போயே ஆக வேண்டுமென்றால் கூடைபோல இருக்கும் வாய்மூடி போடுங்கள், மூச்சு விடலாம், தண்ணீர் குடிக்கலாம், மீனை எடுக்க முடியாது. கூப்பிட்டால் வரும் பழக்கத்தை மீன் வாடை இல்லாத தென்னந்தோப்பில் தொடங்குங்கள். மீனுக்கு எதிராக நீங்கள் நீட்டும் கூலி மீனைவிட ருசியாக இருக்க வேண்டும். பிஸ்கட்டைக் காட்டி கரமடியை ஜெயிக்க முடியாது. மத்தியானம் மணலில் நடத்தவும் வேண்டாம். புறங்கையை மணலில் வைத்து ஏழு எண்ணுங்கள், உங்களுக்குப் பொறுக்கவில்லையென்றால் அவன் பாதத்துக்கும் பொறுக்காது.

எங்களுக்கு ரப்பர்த் தோட்டம். வீட்டில் இரண்டு பிள்ளைகள், ஏழு மாதக் குட்டி ஒன்று. பிள்ளைகளை வைத்தே பழக்கலாமா?
– வாசகி, குலசேகரம்

இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடைக்குமா! வரிசை வரிசையாய் மரம், ஒவ்வொன்றும் ஒரு ஆள் மறைகிற பருமன். மூத்தவள் நாயைப் பிடித்துக்கொள்ளட்டும், இளையவன் பத்து மரம் தள்ளி ஒளிந்து ஒரே ஒரு தரம் கூப்பிடட்டும். கண்டுபிடித்தால் ஈரலும் கொண்டாட்டமும். அப்புறம் முறை மாறட்டும். நாயை இருவர் நடுவில் மாறி மாறிக் கூப்பிட்டாலும் நல்லது. பத்து நிமிஷத்தோடு நிறுத்துங்கள், அவனுக்கு இன்னும் ஆசை இருக்கும்போதே. இந்த விளையாட்டு பழகியவன் நடையிலும் பத்தடிக்கு ஒரு தரம் நீங்கள் இருக்கிறீர்களா என்று திரும்பிப் பார்ப்பான். கூப்பிடாமலே அப்படிப் பார்க்கிற ஒவ்வொரு முறையும் ஒரு துண்டு கொடுங்கள். பலர் இதைக் கவனிப்பதே இல்லை. எனக்கு இதுதான் பாதிப் பாடம்.

பால் உறையவைக்கிற ஆசிட் இருக்கும் ஷெட் பக்கம் மட்டும் விளையாட்டு வேண்டாம். சிரட்டையில் பால் வடிகிற நேரமும் வேண்டாம், தட்டிவிட்டால் பிள்ளைகளுக்குத்தான் வசவு விழும்.

போன வருஷம் உங்களுக்கு எழுதியவள். கயிறு, ஈரல் எல்லாம் நீங்கள் சொன்னபடியே. இப்போது ரோஸி எங்கிருந்து கூப்பிட்டாலும் பறந்து வருகிறாள். இனி கயிறு வேண்டாம்தானே?
– வாசகி, பூதப்பாண்டி

சந்தோஷம் தங்கச்சி. தோப்பில் வேண்டாம். ரோட்டோரத்தில் வேண்டும்.

பாண்டிக்கு மூன்று வயதிருக்கும்போது நடந்தது. அப்போது அவன் ‘பம்பரம்’ என்றால் தின்று கொண்டிருக்கிற எலும்பையும் போட்டுவிட்டு வருவான். எனக்கு அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு. ஒரு சாயங்காலம் வாசல் கதவு திறந்து கிடந்து, அவன் ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் முருங்கை மரத்தடியில் மோந்துகொண்டிருந்தான். நான் திண்ணையிலிருந்து பார்த்தேன். பழக்க தோஷம், வாயில் வந்துவிட்டது. அவன் தலையைத் தூக்கி என்னை மட்டுமே பார்த்துக்கொண்டு நேராக வந்தான். இடது பக்கமிருந்து ஒரு வேன். ஓட்டியவர்மேல் குற்றமில்லை, பிரேக் போட்டார். பின்னங்கால் முறிந்தது. கம்பி வைத்து ஒட்டி, அதற்கப்புறம் ஒன்பது வருஷம் அந்தக் காலை லேசாக இழுத்தபடியே இருந்தான். கூப்பிட்டால் அப்போதும் வந்தான்.

அதனால் ரோஸிக்கு இனிச் சொல்லிக்கொடுக்க வேண்டியது, இருந்த இடத்திலேயே நிற்பது. அவள் உங்களை நோக்கி வரும்போது கையை முன்னால் உயர்த்தி ‘நில்’ என்று ஓரடி எடுத்து வையுங்கள், அதே நேரத்தில் ஈரலை அவள் தலைக்குமேல் பின்னால் போய் விழும்படி எறியுங்கள். அவள் நின்று திரும்புவாள். நாளாக ஆக எறியுமுன்னே நின்று காத்திருப்பாள். முதலில் நாலடியில், பிறகு இருபதடியில். முற்றத்தில் தொடங்குங்கள், வாசல் கதவைச் சாத்திவிட்டு.